நான்கு மீட்டருக்குள் அடங்கும் விருப்பம்

2025 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றம், கார் சந்தையை ஒரே கோட்டால் இரண்டாகப் பிரித்தது. நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கி, பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்கும் டீசல் என்றால் 1,500 சிசிக்கும் மிகாத இயந்திரம் கொண்ட கார்களுக்கு வரி 18 சதவீதம். இந்த அளவுகளில் ஒன்றைத் தாண்டினாலும் 40 சதவீதம். விலை குறைந்ததை ஒட்டி, நான் வசிக்கும் அல்லிநகரத்திலும் தேனி வட்டாரத்திலும் கார் வாங்குவது பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. “என்ன கார் வாங்கலாம்?” என்ற பழைய கேள்வியை இப்போது அதிகம் கேட்க முடிவதில்லை. “எந்த எஸ்யூவி வாங்கலாம்?” என்றுதான் கேட்கிறார்கள். ஹேட்ச்பேக்கா, செடானா, எஸ்யூவியா என்ற தேர்வு, உரையாடல் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

இது தேனிக்கு மட்டும் உரிய போக்கு அல்ல. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற சுமார் 43 லட்சம் பயணியர் வாகனங்களில் ஏறத்தாழ 28 லட்சம், அதாவது 65 சதவீதம், ‘பயன்பாட்டு வாகனம்’ என்ற வகையைச் சேர்ந்தவை. எஸ்யூவிகளும் ஏழு பேர் அமரும் குடும்ப வாகனங்களும் இந்த வகையில் அடங்கும். 2024ஆம் ஆண்டில் நாட்டிலேயே அதிகம் விற்ற கார், எஸ்யூவி தோற்றம் கொண்ட டாடா பஞ்ச். நாற்பது ஆண்டுகளாக மாருதியிடம் இருந்த இடம் அது.

ஒருவர் எந்த வடிவக் காரை விரும்புகிறார் என்பது அவரது சொந்த ரசனை. அதில் பொதுவிவாதத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால், கோடிக்கணக்கானோரின் ரசனை ஒரே திசையில் திரும்பும்போது, அதைத் திருப்பியது எது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் விருப்பம் என்று அழைப்பதன் பெரும்பகுதியை வரிச் சட்டமும் மோசமான சாலையும் கௌரவமும் சேர்ந்து முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன என்பது என் கருத்து. கம்பம் பள்ளத்தாக்கைப் போல இதை எடுத்துக்காட்டும் இடம் வேறில்லை.

பிளசர் முதல் எஸ்யூவி வரை

ஒரு தலைமுறைக்கு முன்புவரை தென்மாவட்டக் கிராமங்களில் காருக்குப் பெயர் ‘பிளசர்’. வடிவத்தைப் பற்றிய தேர்வே அன்றைக்கு இல்லை. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றுமே முன்னே இயந்திரம், நடுவே இருக்கை, பின்னே டிக்கி என்ற செடான் அமைப்பைக் கொண்டவை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 பின்பக்க டிக்கியைக் கழற்றிவிட்டு, ஹேட்ச்பேக் என்ற வடிவத்தை நடுத்தரக் குடும்பத்துக்கு அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு செடான் என்பது வசதி படைத்தவரின் அடையாளமானது. சிறிய காரில் தொடங்கி, டிக்கி வைத்த காருக்கு உயர்வது என்பதே இரண்டு பத்தாண்டுகளுக்கு வாழ்க்கை முன்னேற்றத்தின் அளவுகோலாக இருந்தது.

உயரமான வண்டிகள் அன்றும் இருந்தன. ஆனால், அவை வேலைக்கான வண்டிகள். மஹிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பொருத்தத் தொடங்கிய காலத்திலிருந்தே வனத் துறை, காவல் துறை, தோட்டங்கள் ஆகியவற்றின் வாகனமாக ஜீப் விளங்கியது. 1990களில் வந்த டாடா சுமோ, தமிழ்த் திரைப்படங்களில் அடியாட்கள் வந்து இறங்கும் வண்டியாகப் புகழ்பெற்றது. குவாலிஸ், பொலேரோ, ஸ்கார்பியோ, இன்னோவா என்று தொடர்ந்த வரிசை, வாடகை வாகனமாகவும் அரசியல்வாதியின் வாகனமாகவும் ஒரே நேரத்தில் வளர்ந்தது. உயரமான வண்டியில் வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற பாடத்தை நம் சாலைகள் அப்போதே கற்றுக்கொண்டன. இன்றைய எஸ்யூவி மோகத்தின் ஒரு வேர் அதில் இருக்கிறது.

வெட்டப்பட்ட வால்

மற்றொரு வேர் வரிச் சட்டத்தில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறிய கார் என்பதற்கு நீளம் நான்கு மீட்டருக்கு மிகக் கூடாது என்ற வரையறை அப்போதுதான் வந்தது. சிக்கனமான காரை ஊக்குவிப்பதும், இந்தியாவைச் சிறிய கார்களின் உற்பத்தி மையமாக்குவதும் நோக்கம். ஆனால், சட்டம் ஓர் அளவுகோலைக் கையில் எடுத்தால் உற்பத்தியாளர்கள் அந்த அளவுகோலுக்கு ஏற்பத்தான் வண்டி செய்வார்கள்.

முதலில் செடான்களின் வால் வெட்டப்பட்டது. 2008இல் டாடா இண்டிகோவின் குறுகிய வடிவம் வந்தது. அதே ஆண்டில் 4,160 மில்லிமீட்டர் நீளத்துடன் அறிமுகமான மாருதி டிசையர், 2012இல் 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கியது. வரிச் சலுகைக்காகக் குறைக்கப்பட்ட அந்த 165 மில்லிமீட்டரும் பெரும்பாலும் டிக்கியிலிருந்து போனது. செடானின் அழகும் பயனும் எந்தப் பகுதியில் இருந்தனவோ, அதுவே குறைந்தது.

அடுத்து, நீளத்தில் கிடைக்காத பெருமையை உயரத்தில் தேடினார்கள். 2013இல் மறைமலை நகரில் தயாராகி வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் இந்த வழியைப் பிரபலமாக்கியது. பிரெஸ்ஸா, வென்யூ, நெக்ஸான், சோனெட் எனப் பின்தொடர்ந்த வண்டிகள் அனைத்தும் நான்கு மீட்டருக்கு ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் குறைவான நீளம் கொண்டவை. வெவ்வேறு நிறுவனங்களின் வடிவமைப்பாளர்கள் தனித்தனியே சிந்தித்து ஒரே நீளத்துக்கு வந்துசேர்ந்ததாக யாரும் நம்ப முடியாது.

வடிவத்துக்குப் பெயர் சூட்டுவது எவ்வளவு நெகிழ்வானது என்பதை ஜிஎஸ்டி விதிகளின் வரலாறே சொல்லும். பெரிய எஸ்யூவிகளுக்குக் கூடுதல் மேல்வரி விதித்த பழைய அறிவிக்கை, 1,500 சிசிக்கு மேற்பட்ட இயந்திரம், நான்கு மீட்டருக்கு மேற்பட்ட நீளம், 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தரை இடைவெளி ஆகியவற்றோடு, ‘எஸ்யூவி என்று பரவலாக அறியப்படும்’ வாகனமா என்றும் கேட்டது. ஒரு வண்டியை மக்கள் எப்படி அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வரி மாறும் நிலை அது. 2023 ஜூலையில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில்தான், எந்தப் பெயரில் அழைத்தாலும் அளவுகள் பொருந்தினால் வரி உண்டு என்று தெளிவுபடுத்தியது.

நுகர்வோரும் பெயருக்குத்தான் பணம் கொடுக்கிறோம் என்பதை உணர்வதில்லை. மாருதியின் பலேனோ என்ற ஹேட்ச்பேக்கும் ஃபிரான்க்ஸ் என்ற எஸ்யூவி வடிவ வண்டியும் ஒரே அடித்தளத்தில் உருவானவை, 1.2 லிட்டர் இயந்திரமும் பொதுவானது. ஒன்று உயர்த்தப்பட்டு, முகப்பு தடிப்பாக்கப்பட்டு, வேறு பெயரில் நிற்கிறது. டாடா அல்ட்ரோஸ், பஞ்ச் ஆகிய இரண்டுக்கும் இதே உறவுதான். சந்தையில் விற்கும் சிறிய எஸ்யூவிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு சக்கர இழுவை கிடையாது. கரடுமுரடான பாதைக்கென்று வளர்ந்த வடிவம், நகரச் சாலைக்கான காரின் மேல் போர்த்தப்பட்ட சட்டையாக மாறியிருக்கிறது.

உயரம் ஏன் தேவைப்படுகிறது?

எஸ்யூவி வாங்குபவர்களை வெறும் கௌரவத்துக்கு மயங்கியவர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்குத் தாழ்வான காரில் இறங்கி அமர்வதும், எழுந்து வெளியேறுவதும் உண்மையான துன்பம். சேலை கட்டிய பெண்களுக்கும் உயரமான இருக்கையே வசதி. ஆனால், இந்தத் தேவையை நிறைவேற்ற எஸ்யூவிதான் வேண்டும் என்பதில்லை. 1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகத் தொடங்கிய ஹுண்டாய் சான்ட்ரோவும், அடுத்த ஆண்டு வந்த வேகன்ஆரும் ஹேட்ச்பேக்குகளாக இருந்துகொண்டே உயரமான இருக்கையைக் கொடுத்தன. 2024-25 நிதியாண்டில் அதிகம் விற்ற கார் வேகன்ஆர்தான் என்பது, அமைதியான பெரும்பான்மை ஒன்று இன்னும் வசதியைப் பார்த்து வாங்குகிறது என்பதற்குச் சான்று.

இரண்டாவது காரணம் சாலை. தேனியின் உட்பகுதிகளிலும் பள்ளத்தாக்கின் கிராமச் சாலைகளிலும் தாழ்வான செடானை ஓட்டுவோருக்கு, வேகத்தடைகளில் அடிப்பாகம் உராயும் ஒலி பழகிப்போன ஒன்று. இந்தியச் சாலைக் காங்கிரஸின் தரநிலை, வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர் என்று வகுத்திருக்கிறது. அப்படிக் கட்டப்பட்ட வேகத்தடையை 16 சென்டிமீட்டர் தரை இடைவெளி கொண்ட எந்தக் காரும் மெதுவாகக் கடந்துவிடும். குறுகலாகவும் செங்குத்தாகவும் தெருவுக்குத் தெரு எழுப்பப்பட்ட மேடுகளும், குழாய் பதிக்கத் தோண்டிச் சரியாக மூடப்படாத பள்ளங்களும்தான் மக்களை உயரமான வண்டிக்குத் தள்ளுகின்றன. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர், குடிநீருக்குக் கேன், சாலைக்கு எஸ்யூவி. பொதுவசதியின் குறையை, முடிந்தவர் தம் சொந்தப் பணத்தில் சரிக்கட்டிக்கொள்கிறார். அதன் பிறகு சாலையைச் சீரமைக்கச் சொல்லும் குரல் பலவீனமாகிவிடுகிறது. இருசக்கர வாகனத்தில் செல்பவருக்கு அதே பள்ளம் அப்படியே இருக்கிறது.

பொதுப் போக்குவரத்தின் குறையும் இதில் சேர்கிறது. மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் ரயில் பாதை அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு 2023 ஜூனில். பதினோரு ஆண்டுகளுக்கும் மேலாக மாவட்டத் தலைநகருக்கே ரயில் இல்லாத சூழலில், மதுரை மருத்துவமனைக்கும் விமான நிலையத்துக்கும் செல்ல ஒரு குடும்ப வண்டி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டதில் வியப்பில்லை.

மூன்றாவதாகச் சொல்லப்படும் காரணம், “நம் ஊர் மலையடிவாரம் ஆயிற்றே” என்பது. இதுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. போடிமெட்டுக்கு ஏறும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலை. கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் பகுதி. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் பாதையும் அப்படியே. அரசுப் பேருந்துகள் அன்றாடம் ஏறி இறங்கும் இந்த வழிகளில், நல்ல பிரேக்கும் சீரான டயரும் நிதானமான ஓட்டுநரும் இருந்தால் எந்த ஹேட்ச்பேக்கும் செல்லும். வளைவில் வண்டியின் உயரம் உதவுவதில்லை. ஈர்ப்பு மையம் உயர உயரக் கவிழும் வாய்ப்பு கூடும் என்பது அடிப்படை இயற்பியல்.

மலை யாருடைய தேவை?

உயரமான, உறுதியான, பலர் அமரக்கூடிய வாகனம் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். கம்பம், கூடலூர், தேவாரம், போடி வட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் விடியும் முன்பே புறப்பட்டு, கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் திரும்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக அவர்களை ஏற்றிச் செல்பவை ஜீப்புகள். தார்ச்சாலை முடிந்து தோட்டத்துக்குள் நுழையும் சேற்றுப் பாதையில் ஏறக்கூடியவை அவைதாம். அங்கேதான் தரை இடைவெளிக்கும் நான்கு சக்கர இழுவைக்கும் உண்மையான பொருள் இருக்கிறது.

ஆனால், அந்த ஜீப்புகளில் பல வயதானவை. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைத் தாண்டி, நெருக்கியடித்து ஏற்றப்படும் பெண்களுக்கு இருக்கைப் பட்டை இல்லை, காற்றுப்பை இல்லை. விபத்து நடந்த மறுநாள் சோதனை கடுமையாகும். சில வாரங்களில் தளரும். ஆட்களைக் குறைத்து ஏற்றினால் ஓட்டுநருக்குக் கட்டுப்படியாவதில்லை. வேகமாகச் சென்று இன்னொரு நடை அடிக்க வேண்டிய நெருக்கடியும் அவருக்கு இருக்கிறது. 2021இல் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் தமிழகப் பெண்களின் அன்றாடத்தை எளிதாக்கியிருக்கிறது. ஆனால், மாநில எல்லையைத் தாண்டித் தோட்டத்துக்குள் செல்லும் இந்த வழித்தடத்துக்கு அது வந்துசேரவில்லை.

ஒரே மலையடிவாரத்தில், பயன்பாடு தேவையில்லாதவரிடம் பயன்பாட்டு வாகனத்தின் தோற்றம் இருக்கிறது. பயன்பாடு தேவைப்படுபவரிடம் பாதுகாப்பான வாகனம் இல்லை. கார் வடிவத்தைப் பற்றிய நம் விவாதங்கள் அனைத்தும் ஷோரூமுக்குள்ளேயே நடப்பதால், இந்த முரண் கண்ணில் படுவதே இல்லை.

வண்டிக்கு வெளியே இருப்பவர்கள்

எஸ்யூவிக்குச் சொல்லப்படும் வலுவான வாதம் பாதுகாப்பு. உள்ளே இருப்பவரைக் காப்பது கூட்டின் உறுதியும் காற்றுப்பைகளும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும்தான். வடிவத்தின் பெயர் அல்ல. 2024இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற புதிய டிசையர், ஒரு செடான். 2023 அக்டோபர் முதல் நமக்கென்று ‘பாரத் என்கேப்’ மதிப்பீடும் இருக்கிறது. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த நட்சத்திரங்களைத்தான்.

வெளியே இருப்பவர்களின் நிலை வேறு. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள், 19.5 சதவீதத்தினர் பாதசாரிகள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 பேர் இறந்தார்கள். முகப்பு ஒரு மீட்டருக்கு மேல் உயரமாக உள்ள வாகனங்கள் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. அமெரிக்க வண்டிகள் நம்முடையவற்றைவிடப் பெரியவை; அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும், தாழ்வான முகப்பு காலில் மோதும், உயரமான முகப்பு இடுப்பிலும் மார்பிலும் மோதும் என்ற உண்மை எல்லா நாட்டுக்கும் பொது. குழந்தைகளுக்கு அது தலையாகவும் இருக்கலாம்.

அகலத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை. மாருதி 800இன் அகலம் 1.44 மீட்டர். இன்றைய நெக்ஸானின் அகலம் 1.80 மீட்டர். சட்டத்தின் கண்ணில் இரண்டுமே சிறிய கார்கள். இடையில் உள்ள 36 சென்டிமீட்டர், ஓர் ஆள் ஒதுங்கி நிற்கும் இடம். அல்லிநகரத்தின் பழைய தெருக்கள் இந்த நாற்பது ஆண்டுகளில் அகலமாகவில்லை. வாசற்படிகளும் வடிகால்களும் நிறுத்தப்பட்ட வண்டிகளும் சேர்ந்து குறுகியிருக்கின்றன. எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியவர், பள்ளி விட்டு வரும் பிள்ளையும் சைக்கிளில் வருபவரும்தான்.

என்ன செய்யலாம்?

முதலில், அளவுகோல் மாற வேண்டும். ஜப்பானின் ‘கெய்’ வகைக் கார்களுக்கும் வரிச் சலுகை உண்டு. ஆனால், அங்கே நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இயந்திரம் 660 சிசி என்று எல்லாப் பக்கமும் வரம்பு இருக்கிறது. வேகன்ஆர் 1993இல் அந்த வரம்புக்குள்தான் பிறந்தது. பிரான்ஸ் 2022 முதல் அதிக எடை கொண்ட கார்களுக்குத் தனி வரி விதிக்கிறது. பாரிஸ் நகரம் 2024 அக்டோபர் முதல், வெளியூரிலிருந்து வரும் 1.6 டன்னுக்கு மேற்பட்ட கார்களுக்கு வாகன நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்கியது. நம் சட்டம் நீளத்தையும் இயந்திரத்தையும் மட்டும் அளக்கிறது. தமிழ்நாட்டின் வாழ்நாள் வரியோ விலையை மட்டும் பார்க்கிறது. சாலையைத் தேய்ப்பது எடை. தெருவை அடைப்பது அகலம். இவையும் கணக்கில் வர வேண்டும். ஏழு பேரை ஏற்றிச் செல்லும் எர்டிகா போன்ற குடும்ப வாகனத்துக்கு 40 சதவீதமும், பெரும்பாலும் ஒருவரோ இருவரோ செல்லும் நான்கு மீட்டர் எஸ்யூவிக்கு 18 சதவீதமும் விதிப்பது, அதிகம் பேரைச் சுமக்கும் வண்டியைத் தண்டிப்பதாகும்.

இரண்டாவது, வேகத்தடைகளைத் தரநிலைக்குக் கொண்டுவருவது. இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. நெடுஞ்சாலைத் துறையும் தேனி அல்லிநகரம் நகராட்சியும் தத்தம் சாலைகளில் உள்ள மேடுகளை அளந்து, முறையற்றவற்றை அகற்றினாலே உயரமான வண்டிக்கான காரணங்களில் ஒன்று மறையும்.

மூன்றாவது, தோட்டத் தொழிலாளர்களின் பயணம். 2025 மாற்றத்தில், பத்துப் பேரும் அதற்கு மேலும் அமரும் வாகனங்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, ஓட்டுநர்கள் தங்கள் பழைய ஜீப்புகளை இருக்கைப் பட்டை கொண்ட வாகனங்களாக மாற்றக் கூட்டுறவு வங்கிக் கடன் தரலாம். தார்ச்சாலை உள்ளவரை பேருந்து அல்லது வேன், அதற்கு மேல் தோட்டத்தின் பொறுப்பில் ஜீப் என்று தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வர முடியும். இந்த உழைப்பால் பயன்பெறுவது இரு மாநிலங்களின் ஏலக்காய் வணிகமும்தான்.

கார் வாங்கவிருப்பவர்களிடம் நான் சொல்வது இவ்வளவே: ஆண்டில் எத்தனை நாள் உங்கள் வண்டியில் ஐந்து பேர் செல்கிறீர்கள், எத்தனை நாள் தார்ச்சாலையை விட்டு இறங்குகிறீர்கள், உங்கள் தெரு எவ்வளவு அகலம் என்று முதலில் எழுதிப்பாருங்கள். அந்தக் கணக்குக்குப் பிறகும் எஸ்யூவிதான் வேண்டும் என்றால் அது உங்கள் விருப்பம். அதை யாரும் குறைசொல்ல முடியாது. அந்தக் கணக்கைப் போடாமல் வாங்கினால், வாங்குவது நாமாக இருந்தாலும் தேர்ந்தெடுத்தது வேறு யாரோ.